படத்துக்குக் கீழே ஓர் எண்

இணையத்தில் பகிரப்படும் ஏறத்தாழ ஒவ்வொரு புகைப்படத்தின் கீழும் ஓர் எண் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேருக்குப் பிடித்தது என்று சொல்லும் எண். படம் எடுத்தவர் தன் படத்தை மறுபடி திறக்கும்போது அவர் கண் முதலில் போவது படத்துக்கு அல்ல, அந்த எண்ணுக்கு. 1839இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 160 ஆண்டுகளுக்கும் மேல் இப்படி ஓர் எண் கிடையாது. வீட்டு ஆல்பத்தை விருந்தாளிகள் புரட்டினார்கள். ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில் இருந்த கல்யாணப் படத்தைத் தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களை யாரும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

புகழ் ஆசை அன்றும் இருந்தது. லண்டனில் 1853இல் புகைப்படச் சங்கம் தொடங்கியது. சென்னையிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அப்படி ஒரு சங்கம் உருவாகிவிட்டது. சங்கங்கள் கண்காட்சி நடத்தின, பதக்கம் கொடுத்தன. 1950இல் உருவான பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ‘ஃபியாப்’, சர்வதேசக் கண்காட்சிகளில் ஒருவருடைய படங்கள் எத்தனை முறை ஏற்கப்பட்டன என்று கணக்கிட்டுப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டங்களை இன்றும் வழங்கிவருகிறது. ஆனால் அங்கே தீர்ப்புச் சொல்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நடுவர்கள். முடிவு வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் படம் எடுத்தவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். தீர்ப்பு நொடிக்கு நொடி வரத் தொடங்கியதும், அதைச் சொல்பவர்கள் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களாக மாறியதும் 2004க்குப் பிறகுதான்.

வான்கூவரில் ஒரு விளையாட்டு

கனடாவின் வான்கூவர் நகரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு, கேத்தரீனா ஃபேக் இருவரும் நடத்திய லூடிகார்ப் என்ற சிறு நிறுவனம், ‘கேம் நெவர்எண்டிங்’ என்ற இணைய விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. விளையாட்டு நிறைவேறவில்லை, அதற்காகச் செய்த வேலையிலிருந்து படங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு கருவி பிறந்தது. 2004 பிப்ரவரியில் அது ஃப்ளிக்கர் என்ற பெயரில் வெளிவந்தது. தொடக்கத்தில் அது ஓர் அரட்டை அறைதான். பேசிக்கொண்டே படத்தை எடுத்துக் காட்டலாம், அவ்வளவே.

அதற்கு முன்பும் இணையத்தில் படங்களைச் சேமித்து வைக்கும் தளங்கள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் அச்சுப் போட்டுக் கொடுக்கும் கடையின் நீட்சிகள். படத்தை ஏற்றினால் அது பூட்டிய ஆல்பத்துக்குள் இருக்கும், அழைக்கப்பட்டவர் மட்டுமே பார்க்கலாம். ஃப்ளிக்கர் இதைத் தலைகீழாக்கியது. ஏற்றிய படம், மறைக்கச் சொன்னாலொழிய, உலகத்துக்கே திறந்திருக்கும். ஒருவரைத் தன் தொடர்புகளில் சேர்த்துக்கொள்ள அவருடைய சம்மதம் தேவையில்லை. பிரேசிலில் இருக்கும் ஓர் அந்நியரின் படங்களை மதுரையில் இருப்பவர் அன்றாடம் பார்க்கலாம். படத்துக்கு ‘மழை’, ‘ரயில்’, ‘பாட்டி’ என்று குறிச்சொற்கள் ஒட்டலாம். அதே சொல்லை ஒட்டிய எல்லோருடைய படங்களும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்.

நேரமும் கூடி வந்தது. 2003இல் கேனான் வெளியிட்ட 300டி, லென்ஸ் மாற்றிப் பொருத்தும் டிஜிட்டல் கேமராவை முதன்முறையாக 1,000 டாலருக்குக் கீழே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நிக்கானின் டி70 வந்தது. ஃபிலிம் சுருளுக்கும் கழுவும் கூலிக்கும் கணக்குப் பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்ததைக் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. முதல் மாதங்களில் புதிதாகச் சேருகிறவர்களை நிறுவனத்தாரே நேரில் வரவேற்று, அவர்கள் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதினார்கள். கடை திறந்த புதிதில் முதலாளியே வாசலுக்கு வந்து ‘வாங்க, உட்காருங்க’ என்பது போல. அப்படி வரவேற்கப்பட்டவர்கள் அடுத்து வந்தவர்களை வரவேற்றார்கள். ஒரு சமூகம் உருவாகும் விதம் இதுதான். ஃப்ளிக்கரின் உண்மையான கண்டுபிடிப்பும் அதன் தொழில்நுட்பத்தைவிட இந்தப் பழக்கமே.

தமிழர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வார இறுதியில் கேமராவோடு சென்னைத் தெருக்களில் நடந்த ‘சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ்’ குழுவினரின் படங்கள் ஃப்ளிக்கரில்தான் கூடின. ‘தமிழில் புகைப்படக்கலை’ என்று கூடிய ஆர்வலர்கள் அப்பெர்ச்சரையும் ஷட்டர் வேகத்தையும் தமிழிலேயே விளக்கி, மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டி நடத்தினார்கள். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் இந்த நடைகளில் எத்தனையோ கோணங்களில் பதிவாகியிருக்கின்றன.

சுவாரஸ்யத்தை அளத்தல்

2005 மார்ச்சில் யாஹூ ஃப்ளிக்கரை வாங்கியது. படங்கள் பெருகிய வேகத்தில், நல்லதைத் தேடிப்பிடிப்பது கடினமாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘இன்டரஸ்டிங்னெஸ்’, அதாவது சுவாரஸ்யத்தன்மை, என்ற ஓர் அளவை அறிமுகமானது. ஒரு படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எங்கிருந்து வந்து பார்த்தார்கள், யார் கருத்து எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், யார் ‘பிடித்தது’ என்று குறித்தார்கள் என்பனவற்றையெல்லாம் சேர்த்து ஒரு நிரல் மதிப்பெண் போடும். அப்படித் தேறிய படங்களில் நாளுக்கு 500 ‘எக்ஸ்ப்ளோர்’ என்ற பக்கத்தில் ஏறும். துல்லியமான சூத்திரம் வெளியிடப்படவில்லை. நோக்கம் நல்லது. இல்லாவிட்டால் கண்ணில் படாமலே போயிருக்கக்கூடிய அரிய படங்களை அது மேலே கொண்டுவந்தது.

விளைவு வேறு திசையிலும் ஓடியது. எக்ஸ்ப்ளோரில் ஏறிய படத்தை ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். ஏறாத படத்தை இருபது பேர். ஏறியதா இல்லையா என்று தேடிச் சொல்வதற்கென்றே வெளியார் சிலர் கருவிகள் உருவாக்கினார்கள். எந்த நேரத்தில் ஏற்றினால் நல்லது, எத்தனை குழுக்களில் சேர்க்கலாம், எத்தனைக்கு மேல் போனால் நிரல் தண்டிக்கும் என்றெல்லாம் பேச்சும் நம்பிக்கைகளும் பரவின. சூத்திரம் மறைவாக இருந்ததால் ஒவ்வொரு நம்பிக்கையும் கொஞ்ச நாள் உண்மை போலவே தோன்றியது.

இதிலிருந்து முளைத்தவை விருதுக் குழுக்கள். ‘ஒரு படம் போடு, இரண்டு படங்களுக்கு விருது கொடு’ என்பது அவற்றின் சட்டம். குழுவில் படம் சேர்க்க வேண்டுமானால், மற்ற இருவர் படங்களின் கீழே குழுவின் பளபளக்கும் பதக்கச் சின்னத்தை ஒட்டியாக வேண்டும். ஒரு படத்தின் கீழே நாற்பது பதக்கங்கள் இருக்கும்; படத்தைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்காது. கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி எழுதியதற்கு எழுத வேண்டிய கடன். மொய் நோட்டிலாவது கொடுத்தவர் யார், உறவு என்ன என்று தெரியும். இங்கே கொடுத்தவர் படத்தைப் பார்த்தாரா என்பதே தெரியாது. பாராட்டு பண்டமாற்றான இடத்தில் விமரிசனத்துக்கு வழியில்லை. ‘அடிவானம் சாய்ந்திருக்கிறது, முகத்தில் வெளிச்சம் போதவில்லை’ என்று ஒருவர் எழுதினால் அது ஒப்பந்த மீறல்.

இதற்கு நேர் எதிராக ‘டிலீட்மீ’ என்ற ஒரு குழு இருந்தது. அங்கே படத்தைப் போட்டால் மற்றவர்கள் ‘நீக்கு’ அல்லது ‘காப்பாற்று’ என்று வாக்களிப்பார்கள். போதுமான ‘நீக்கு’ வாக்குகள் விழுந்தால் படம் வெளியே போகும். 2006இல் ஒருவர் எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் அந்த வட்டத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார். வளைந்திறங்கும் படிக்கட்டு, கீழே தெருவில் சீறிப் போகும் ஒரு சைக்கிள்காரர். ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோன் 1932இல் பிரான்ஸின் இயேர் நகரில் எடுத்த, புகைப்பட வரலாற்றுப் பாடங்களில் இடம்பெறும் படம் அது. சைக்கிள் மங்கலாக இருக்கிறது, கூர்மை இல்லை, ஒரே சாம்பல் நிறம் என்று குறைகள் குவிந்தன. ‘நீக்கு’ வாக்குகள் விழுந்தன.

இந்தச் சம்பவத்தைக் கூட்டத்தின் அறியாமைக்குச் சான்றாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. அதில் அதற்கு மேலும் இருக்கிறது. வாக்களித்தவர்கள் கேமராவைப் பற்றித் தெரியாதவர்கள் அல்லர். கூர்மை, இரைச்சல் புள்ளிகள் இல்லாமை, நிறச் செறிவு என்று அந்த ஆண்டுகளின் டிஜிட்டல் இலக்கணத்தை நன்றாகக் கற்றவர்கள். படிக்கட்டின் சுழிக்குள் அந்தச் சைக்கிள் அந்த ஒரு கணம் மட்டுமே பொருந்தும் என்பதும், மங்கல்தான் அதன் வேகம் என்பதும் ஒரு பார்வையில் பிடிபடுவதில்லை. ஒரு படத்துக்குச் சில நொடிகள் ஒதுக்கி அடுத்ததற்குத் தாவும் கண்ணுக்கு, நின்று பார்த்தால் மட்டுமே விரியும் படம் தோல்வியாகத்தான் தெரியும்.

அதே ஆண்டுகளில் தளமெங்கும் பரவிய பாணிகளும் இதையே காட்டுகின்றன. ஒரே காட்சியைப் பல வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாக்கும் ஹெச்.டி.ஆர். முறை, மேகத்தை இரும்புத் தகடு போலவும் புல்லை நியான் விளக்கு போலவும் ஆக்கியது. அருவியை நீண்ட நேரம் பதிந்து பட்டுத்துணி போலாக்குவது இன்னொன்று. இரண்டும் மதிப்புள்ள உத்திகள். ஆனால் அவை பரவிய காரணம், நூறு சிறு படங்கள் அடுக்கிய பக்கத்தில், கட்டைவிரல் நகத்தளவில் தெரியும்போதுகூட அவை கண்ணை இழுத்ததுதான்.

எண் எதை அளக்கிறது

அதிகம் பேர் விரும்பிய படம் நல்ல படம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் விருப்பங்கள் ஒன்றையொன்று பார்த்து வளர்பவை. இதைத் தெளிவாகக் காட்டிய சோதனை படங்களைப் பற்றியதல்ல, பாட்டுகளைப் பற்றியது. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கேட்டார்கள், பிடித்ததை இறக்கிக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்களின் பதிவிறக்க எண்ணிக்கை காட்டப்படவில்லை. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி ‘உலகங்களாக’ப் பிரிக்கப்பட்டார்கள், ஒவ்வோர் உலகத்திலும் அந்த உலகத்து எண்ணிக்கை மட்டும் தெரியும்.

பாட்டுகள் ஒன்றே, கேட்பவர்களும் ஒரே மாதிரியானவர்கள். ஆனாலும் எட்டு உலகங்களிலும் வெற்றிப் பாட்டுகள் வெவ்வேறாக அமைந்தன. எண் தெரிந்த இடத்தில் முன்னணிக்கும் பின்தங்கியவைக்கும் இடையிலான இடைவெளி மிகப் பெரிதானது. மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பது அரிது, மிக மோசமானது முதலிடம் பிடிப்பதும் அரிது. இடையில் இருந்த பெரும்பான்மைக்கோ எதுவும் நடக்கலாம் என்ற நிலை. முதலில் யார் நின்று கேட்டார்கள் என்ற தற்செயல், பிறகு வந்த எல்லோரையும் வழிநடத்தியது. சாயங்காலம் இரண்டு பஜ்ஜிக் கடைகளில் கூட்டம் இருக்கும் கடையில்தான் மேலும் கூட்டம் சேருகிறது. பஜ்ஜியின் ருசி அதில் ஒரு பங்குதான்.

2013இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு, ஒரு செய்தித் தளத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு சில கருத்துகளைத் தேர்ந்து, பதிவானவுடன் அவற்றுக்கு ஒரே ஓர் ஆதரவு வாக்கை ஆய்வாளர்களே போட்டார்கள். இறுதியில் அவற்றின் சராசரி மதிப்பெண் மற்றவற்றைவிட 25 விழுக்காடு கூடியிருந்தது. பொய்யாகப் போட்ட எதிர் வாக்குகளைக் கூட்டம் பெரும்பாலும் திருத்திவிட்டது. பொய்யான ஆதரவைத் திருத்தவில்லை. புகைப்படத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று விளக்கத் தேவையில்லை. நண்பர் பத்துப் பேர் முதல் கால்மணி நேரத்தில் இட்ட விருப்பம், அறியாதவர்கள் ஆயிரம் பேரின் கண்ணை வளைக்கிறது. ஆகவே எண் படத்தை மட்டும் அளக்கவில்லை. எடுத்தவருக்கு எத்தனை தொடர்புகள், அவர்கள் அந்த நேரத்தில் விழித்திருந்தார்களா, நிரல் படத்தை யாருக்குக் காட்டியது என்பவற்றையெல்லாம் சேர்த்தே அளக்கிறது. இதைப் படம் எடுப்பவர்கள் அறியாமல் இல்லை. அறிந்தும் எண் குறையும்போது மனம் வாடுகிறது.

வாடுவதற்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 13 முதல் 18 வயதுள்ள 32 பேருக்கு, மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் 148 படங்கள் காட்டப்பட்டன. அவற்றில் அவர்கள் சொந்தமாகக் கொண்டுவந்தவையும் இருந்தன. கீழே இருந்த விருப்ப எண்களை ஆய்வாளர்களே இட்டார்கள். அதே படம் ஒரு பாதிப் பேருக்கு நிறைய விருப்பங்களோடும் மறு பாதிக்குக் கொஞ்சம் விருப்பங்களோடும் தெரிந்தது. எண் பெரிதாக இருந்தபோது அவர்களும் கூடுதலாக விருப்பமிட்டார்கள். தங்கள் சொந்தப் படத்தின் கீழே பெரிய எண்ணைக் கண்டபோது, இனிப்பும் பணமும் தூண்டும் அதே மூளைப் பகுதி தூண்டப்பட்டது.

அதோடு, பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் பழக்கம் வலுக்கிறது. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1950களில் புறாக்களிடம் கண்டது இதுவே: ஒவ்வொரு கொத்தலுக்கும் தீனி கிடைத்த புறாவைவிட, எப்போதாவது கிடைத்த புறா ஓயாமல் கொத்தியது; தீனி நின்ற பிறகும் நெடுநேரம் கொத்தியது. ஒரு படம் நூறு விருப்பம் பெறுகிறது, அடுத்தது எட்டு, அதற்கடுத்தது முந்நூறு. எதனால் என்று தெரியாது. கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுக்கிறது.

சதுரத்துக்குள் உலகம்

2010 அக்டோபர் 6ஆம் தேதி கெவின் சிஸ்ட்ரமும் மைக் க்ரீகரும் இன்ஸ்டாகிராமை வெளியிட்டார்கள். இரண்டே மாதத்தில் 10 லட்சம் பேர் சேர்ந்தார்கள். 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஃப்ளிக்கரில் ஆண்டுகள் எடுத்து வளர்ந்த பழக்கங்கள் இங்கே அமைப்பிலேயே பதிந்து வந்தன. எடுத்த கையோடு ஃபில்டர், எழுத்தில்லாமல் விரலால் இரண்டு தட்டு தட்டினால் இதயக் குறி. ஃப்ளிக்கரில் ஒரு படத்துக்குக் கருத்து எழுதக் கணினி முன் உட்கார வேண்டும். இங்கே பேருந்தில் நின்றுகொண்டே நிமிடத்துக்கு முப்பது படங்களுக்கு விருப்பமிடலாம். பின்தொடர்வோர் எண்ணிக்கை பெயருக்கு அருகிலேயே நின்றது. 2016இல் காலவரிசை போய், யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்து அடுக்கும் நிரல் வந்தபோது, விருப்பம் பெறாத படம் நண்பர்களின் கண்ணில்கூடப் படாமல் போகும் நிலை உருவானது. அதுவரை எண் என்பது ஒரு பாராட்டு. அதன் பிறகு அதுவே நுழைவுச்சீட்டு.

பணம் அதைத் தொடர்ந்து வந்தது. பின்தொடர்வோர் எண்ணிக்கைக்கு விளம்பரதாரர்கள் விலை வைத்தார்கள். அந்த எண்ணிக்கையை விற்கும் சந்தையும் உருவானது. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைத் துடைத்தெறிந்தபோது, பாடகர் ஜஸ்டின் பீபர் ஒருவரே ஏறத்தாழ 35 லட்சம் பின்தொடர்வோரை இழந்தார். இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கு 1.8 கோடிக்கும் மேல் இழந்தது.

இந்தப் பந்தயம் திரைக்குள் மட்டும் நிற்கவில்லை, நிலத்திலும் இறங்கியது. அமெரிக்காவின் அரிசோனாவில் கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டை ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் வந்து பார்த்தார்கள். இன்று லட்சக்கணக்கானோர் வருகிறார்கள், விளிம்பில் கம்பித் தடுப்பு கட்டவேண்டியதாயிற்று. 2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லேக் எல்சினோர் நகரத்தை ஒட்டிய வாக்கர் பள்ளத்தாக்கில் ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூக்கள் மலைச்சரிவெங்கும் பூத்தன. பூக்களுக்கு நடுவே படுத்துப் படமெடுக்க வந்த கூட்டத்தில் நகரம் திணறி, பாதையை மூடியது. 2023இல் மறுபடி பூத்தபோது பள்ளத்தாக்கு யாருக்கும் திறக்கப்படவில்லை. ஜப்பானின் ஃபுஜிகவாகுச்சிகோவில் ஒரு சாதாரண லாசன் கடையின் கூரைக்கு மேல் ஃபுஜி மலை எழுந்து நிற்பது போல ஒரு கோணம் இருக்கிறது. அதை எடுக்க வந்தவர்கள் சாலையை மறித்து நின்றதாலும், அருகிலுள்ள வளாகங்களில் அத்துமீறி நுழைந்ததாலும், 2024 மே மாதம் ஊராட்சி இரண்டரை மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலைத் தடுப்பு கட்டியது. சில நாள்களிலேயே கேமரா லென்ஸ் நுழையும் அளவில் அதில் ஓட்டைகள் விழுந்தன.

இவர்கள் புதிதாக ஒன்றைப் பார்க்கப் போனவர்கள் அல்லர் என்பதுதான் இதில் மிகவும் வருத்தம் தருவது. ஏற்கெனவே திரையில் பார்த்து, எத்தனை விருப்பம் பெறும் என்று தெரிந்த ஒரு படத்தைத் தங்கள் கேமராவில் மறுபடி பெறப் போனவர்கள். கூடாரத்தின் வாயிலிலிருந்து தெரியும் பனிமலை, மலை விளிம்பில் முதுகு காட்டி நிற்கும் மஞ்சள் சட்டைக்காரர், ஏரிக்கு நடுவே படகின் மூக்கு: எடுத்தவர்கள் வேறு, படம் ஒன்று.

உயிரும் போகிறது. 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை செல்ஃபி எடுக்கும்போது இறந்தவர்களைச் செய்திகளிலிருந்து திரட்டிய இந்திய மருத்துவர்களின் ஆய்வு, உலகம் முழுவதும் 259 மரணங்களைக் கணக்கிட்டது. மிக அதிகம் இந்தியாவில்தான். நீரில் மூழ்குவது, ரயில் மோதுவது, உயரத்திலிருந்து விழுவது ஆகியவை முதன்மைக் காரணங்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

பறவைப் படங்களின் கதை சற்று அமைதியானது, ஆனால் இதே வகை. குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் படத்துக்கு எப்போதும் விருப்பம் குவியும். அதற்காகக் கூட்டை மறைத்த கிளைகளை ஒதுக்குவதும் ஒடிப்பதும் நடக்கிறது. மறைப்பு போன கூட்டைக் காகம் கண்டுகொள்கிறது. வெயில் நேரே விழுந்து குஞ்சு சாகிறது. தாய் கூட்டையே கைவிடுவதும் உண்டு. இதனாலேயே இந்தியப் பறவை ஆர்வலர் குழுக்கள் பலவற்றில் கூட்டுப் படங்களைப் பகிரவே தடை இருக்கிறது. புகழின் வழியை அடைத்தால் கிளைகள் ஒடியாது என்று அவர்கள் கண்டுகொண்டது, இந்தத் துறை முழுவதிலும் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்த ஒன்று.

எண்ணை மறைத்தல்

தளங்களும் இதை உணராமல் இல்லை. 2019இல் இன்ஸ்டாகிராம் முதலில் கனடாவிலும், பிறகு ஆஸ்திரேலியா, ஜப்பான், பிரேசில் உள்ளிட்ட நாடுகளிலும் விருப்ப எண்ணை மற்றவர்களுக்கு மறைத்துச் சோதித்தது. சிலருக்கு அது நிம்மதி தந்தது, சிலருக்கு எரிச்சல். 2021 மே மாதம், மறைப்பதா காட்டுவதா என்பது பயனர் கையில் விடப்பட்டது. தானாகவே மறைந்திருப்பதற்கும், விரும்பினால் தேடிப்போய் மறைத்துக்கொள்வதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அமைப்புகளைத் திறந்து மாற்றுபவர்கள் எப்போதும் சிலரே.

வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். 2011இல் தொடங்கிய விஸ்கோ, விருப்ப எண்ணையும் பின்தொடர்வோர் எண்ணையும் காட்டுவதில்லை. 2021 ஆகஸ்டில் வந்த கிளாஸ் என்ற கட்டணத் தளத்தில் விருப்பப் பொத்தானே இல்லாமலிருந்தது. சொல்ல இருந்தால் எழுத வேண்டும். கொஞ்ச காலத்தில், எழுத நேரமில்லாதவர்கள் தலையசைக்கவாவது ஒரு வழி வேண்டும் என்று பாராட்டுக் குறி ஒன்று சேர்க்கப்பட்டது. ஆனால் எத்தனை என்ற எண் பொதுவில் தெரியாது.

எண்ணைத் தாண்டி ஒரு படத்தைச் சுற்றி என்ன நடக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று ஃப்ளிக்கரிலேயே இருக்கிறது. 2008 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் சேகரிப்பிலிருந்து ஏறத்தாழ 3,000 பழைய படங்களை ‘காமன்ஸ்’ என்ற பெயரில் அங்கே வைத்தது. 1930, 40களின் கிராமங்களையும் தொழிற்சாலைகளையும் பதிந்த வண்ணப் படங்கள் ஒரு பகுதி; 1910களில் பெய்ன் என்ற செய்திப்பட நிறுவனம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் மறு பகுதி. பல படங்களுக்குப் பெயர் தவிர வேறு குறிப்பில்லை. சிலவற்றில் அந்தப் பெயரும் தவறு. பார்த்தவர்களிடம் நூலகம் கேட்டது ஒன்றுதான்: உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

சொன்னார்கள். கடைப் பலகையின் எழுத்தைப் பெரிதாக்கி ஊரைக் கண்டுபிடித்தார்கள். பழைய செய்தித்தாள்களைத் தேடி விளையாட்டுப் போட்டியின் தேதியைச் சொன்னார்கள். பின்னணியில் நிற்கும் கட்டடம் இன்று எப்படி இருக்கிறது என்று தாங்களே போய் எடுத்துவந்து கீழே வைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் வரை நூலகம் தொகுத்த கணக்கில், அதற்குள் 4,615 ஆகப் பெருகியிருந்த படங்களுக்கு 67,176 குறிச்சொற்களும் 7,166 கருத்துகளும் சேர்ந்திருந்தன. சரிபார்த்த பின் 500க்கும் மேற்பட்ட படங்களின் பட்டியல் பதிவுகளை நூலகம் திருத்தியது. அதே தளம், அதே பயனர்கள், அதே கருத்துப் பெட்டி. விருதுக் குழுவில் பதக்கம் ஒட்டிய கைகள்கூட இவற்றில் இருந்திருக்கலாம். எடுத்தவர்கள் காலமாகிவிட்டதால் திருப்பிச் செலுத்த யாரும் இல்லை. ஆகவே மொய்க் கடனும் இல்லை. படத்தில் என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்வி மட்டும் இருந்தது.

ஃப்ளிக்கர் அதன் பின் பல கை மாறியது. 2013இல் யாஹூ எல்லோருக்கும் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாக அள்ளிக் கொடுத்தது. 2018 ஏப்ரலில் ஸ்மக்மக் என்ற குடும்ப நிறுவனம் தளத்தை வாங்கி, அந்த ஆண்டு இறுதியில் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் என்று வரம்பு அறிவித்தது. கூட்டம் வேறெங்கோ போய்விட்ட அந்தத் தளத்தில் இன்னும் பல நூறு கோடிப் படங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் கீழே உள்ள எண் மிகச் சிறியது. அவற்றை அடுத்த 100 ஆண்டுகளுக்குப் பார்க்கத்தக்கதாக வைத்திருப்பதற்கென்று ‘ஃப்ளிக்கர் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பு உருவாகியிருக்கிறது. அதை நடத்தும் ஜார்ஜ் ஓட்ஸ், தளத்தின் தொடக்க நாள்களில் அதன் பக்கங்களை வடிவமைத்தவர். காமன்ஸைத் தொடங்கி வைத்ததிலும் அவருக்குப் பங்குண்டு. எந்தப் படத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எடுத்தவர் மறைந்த பிறகு அவர் பூட்டிவைத்த ஆல்பத்தை யார் திறக்கலாம் என்ற கேள்விகளை அந்த அமைப்பு இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது.